மலைச்சரிவுக் கடைக் கட்டடங்களில் கறையான்: மருந்தடித்தும் திரும்பி வருவது ஏன்?

ஹட்டன்_எழுதுபொருள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டின் ஹட்டன் நகரில் எழுதுபொருட்கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கட்டடத்துக்கு இரண்டு தளங்கள். கீழ்த்தளத்தில் கடையும் அதன் பின்னால் களஞ்சியமும் இருக்கின்றன. மேல்தளத்தை ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கும் ஒரு தையற்கடைக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். நீளம் 40 அடி, அகலம் 25 அடி. முன்னால் வீதி, பின்னால் மலையை வெட்டிய மண்மேடு. எங்கள் ஊரில் பெரும்பாலான கடைகள் இப்படித்தான் நிற்கின்றன.

கடந்த ஆண்டுத் தொடக்கத்தில், புதிய தவணைக்காக இறக்கி வைத்திருந்த சீ.ஆர். கொப்பிக் கட்டு ஒன்றைத் தூக்கினேன். சுற்றியிருந்த தவிட்டு நிறத் தாள் குலையாமல் இருந்தது. ஆனால் கட்டில் பாரமே இல்லை. விரலால் அழுத்தியதும் தாள் உள்வாங்கி, உள்ளே ஈரச் செம்மண் குழைத்துப் பூசிய சுரங்கங்கள் தெரிந்தன. கொப்பிகளின் மட்டைகளும் ஓரத்துச் சிவப்புக் கோடும் எஞ்சியிருக்க, நடுப்பக்கங்கள் அனைத்தும் மண்ணாகியிருந்தன. வெளிச்சம் பட்டதும் வெண்ணிறப் பூச்சிகள் சுவரடி வெடிப்பை நோக்கி ஓடின. என் பாட்டி இதைக் கறையான் என்று சொல்ல மாட்டார், "செல் விழுந்துவிட்டது" என்பார். செல்லரித்த ஏடு என்று பாடசாலையில் படித்த சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் கையில் தெரிந்தது.

ஒரு நிறுவனத்தாரை அழைத்தேன். முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தெளிகருவியுடன் ஒருவர் வந்து, சுவரோரங்களிலும் கதவு நிலைகளிலும் ஒரு தாங்கி மருந்தை அடித்து, இரண்டு மணித்தியாலத்தில் வேலையை முடித்தார். ஓராண்டு உத்தரவாதம் எழுதித் தந்தார்கள். 14 மாதங்கள் கழிந்துவிட்டன. இப்போது மேல்தளத்துச் சீலிங்கிலிருந்து மண் உதிர்கிறது. வேறு மருந்தை அடிப்பதா, இருக்கும் மரத்தையெல்லாம் இரும்பாக மாற்றுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

கொட்டகலை_பேக்கரி எழுதியது:

எங்கள் பேக்கரியிலும் இதே தொல்லைதான், அண்ணா. மாவு மூட்டை அடுக்கும் மரத்தட்டு இரண்டு முறை போய்விட்டது. கடைக்குப் பின்னாலுள்ள தேயிலையிலிருந்துதான் கறையான் வருகிறது என்றும், அந்தச் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டால் தீரும் என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா என்பதையும் யாராவது தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற_வெளிக்கள_அலுவலர் எழுதியது:

தம்பி, அந்தத் தேயிலையில் கை வைக்காதீர்கள். 31 ஆண்டுகள் தோட்டத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் இதை முதலில் சொல்ல விரும்புகிறேன்.

தேயிலைக்குள் வாழும் கறையான் வேறு, உங்கள் கடையைத் தின்னும் கறையான் வேறு. மலைநாட்டுத் தேயிலையில் நாங்கள் கண்டது, போஸ்ட்எலெக்ரோடெர்மெஸ் மிலிட்டாரிஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட, உயிருள்ள மரத்துக்குள் குடியிருக்கும் இனம். தாழ்நிலத் தேயிலையில் கிளிப்டோடெர்மெஸ் டைலட்டேட்டஸ் என்ற இன்னொன்று இருக்கிறது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருவது இவற்றைத்தான். கவாத்து வெட்டிய இடம் பட்டுப்போய் உளுத்தால், ஈசல் சோடி அதன்வழி உள்ளே நுழைந்து, தண்டுக்குள்ளேயே குடும்பம் பெருக்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குடைந்து இறங்கும். அது மண்ணுக்குள் புற்றெடுப்பதில்லை, சுவரில் மண்வழி கட்டி ஏறுவதுமில்லை. ஆகவே செடியைப் பிடுங்கினால் உங்கள் கடைக்கு எந்த நன்மையும் கிடைக்காது. மாறாக, வேர் பிடித்து நின்ற மண் அடுத்த மழைக்கு உங்கள் பின்சுவரின்மேல் வந்து சாயும். அதுவே கறையானுக்கு நாம் போட்டுக்கொடுக்கும் பாதையாகிவிடும்.

கட்டடத்துக்குள் என்ன வந்திருக்கிறது என்பதை நீங்களே ஓரளவு கண்டறியலாம். மண்குழாய் இருந்தால், அது நிலத்தோடு தொடர்புள்ள இனம். குழாயை ஒரு விரலகலம் உடைத்துவிட்டுக் காத்திருந்தால், காவலுக்கு வரும் பெரிய தலைப் பூச்சிகளைக் காணலாம். ஒரு குச்சியால் மெல்லத் தொடும்போது அதன் நெற்றியிலிருந்து பால்போன்ற வெள்ளைத் துளி வெளிவந்தால் அது கொப்டோடெர்மெஸ் வகையாக இருக்கும்; கட்டடங்களுக்கு மிகக் கெட்டது அதுதான். மண்ணே இல்லாமல், மரத்துக்குக் கீழே கசகசா அளவில் மணிமணியான தூள் குவிந்திருந்தால் அது உலர்மரக் கறையான். அந்தத் தூளைக் கண்ணாடிவில்லையில் பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் ஆறு பட்டைகள் தெரியும். அதற்குத் தரையில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் பயனில்லை, ஏனெனில் அது தரைக்கு இறங்குவதே இல்லை.

ஹட்டன் தம்பி, நீங்கள் எழுதிய அடையாளங்களின்படி உங்களிடம் வந்திருப்பது நிலத்துக் கறையான். குச்சிச் சோதனையைச் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பதுளை_கட்டடப்பொறியியல் எழுதியது:

ஐயா அவர்கள் அடித்தளத்தைத் தெளிவாக இட்டுவிட்டார். நான் கட்டடத்தின் பக்கமிருந்து எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 16 லீற்றரைப் பற்றிப் பேசவேண்டும். கட்டி முடித்த கட்டடத்துக்கு மருந்திடும்போது, சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் 300 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 12 மில்லிமீற்றர் துளைகள் இட்டு, துளைக்கு 1 லீற்றர் கரைசல் செலுத்தும் முறையை இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 6313 கூறுகிறது. உங்கள் கட்டடத்தின் சுற்றளவு 130 அடி, அதாவது ஏறத்தாழ 39.6 மீற்றர். அதற்கு 132 துளைகளும் 132 லீற்றரும் வேண்டும். உட்சுவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. உங்களிடம் வந்தவர் 16 லீற்றரைச் சுவரின் மேற்பரப்பில் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்த பூச்சிகள் செத்திருக்கும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டத்துக்கு அப்படி ஒருவர் வந்துபோனதே தெரிந்திருக்காது. எனவே "வேறு மருந்து" என்ற கேள்விக்கு இன்னும் நேரம் வரவில்லை. முதல் மருந்தே போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது, உங்கள் பின்சுவர். சமதரையில் நிற்கும் கட்டடத்துக்கு நான்கு பக்கமும் மண் ஒரே மட்டத்தில் இருக்கும். நம் ஊர்களில் அப்படியல்ல. வெட்டிய மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் மூன்றடி விட்டுத்தான் கட்டத் தொடங்குகிறோம். பத்து மழைக்காலம் போவதற்குள் சரிந்து விழுந்த மண் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. அப்போது வெளியே மண்மட்டம் உள்ளே தரைமட்டத்துக்கு மேலே, சில கடைகளில் யன்னல் விளிம்புவரைகூட, ஏறிவிடுகிறது. நிலத்து ஈரம் சுவரில் ஏறாமலிருக்க அத்திவாரத்தின்மேல் இட்ட ஈரத்தடை அந்த மண்ணுக்குள் புதைந்து பயனற்றுப்போகிறது. சுவர் ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கிறது. கறையானுக்கு உயிரே ஈரத்தில்தான் இருக்கிறது. அதன் உடல் மென்மையானது, காற்றுப் பட்டால் உலர்ந்து செத்துவிடும், அதனால்தான் மண்குழாய்க்குள் மறைந்து போகிறது. நிரம்பிய அந்த இடைவெளியில் அதற்குக் குழாய் கட்டவேண்டிய தேவைகூட இல்லை. நாம் பார்க்க முடியாத இடத்தில், நேரே சுவருக்குள் நுழைந்துவிடுகிறது.

கொங்கிறீற்றுத் தரை இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஒரு மில்லிமீற்றர் வெடிப்பு இருந்தாலே அதற்குப் போதும். தண்ணீர்க் குழாயும் மின்கம்பிக் குழாயும் தரையைத் துளைத்து ஏறும் இடங்கள், தளம் சுவரைச் சேரும் விளிம்பு, கருங்கல் அத்திவாரத்தில் சாந்து நிரம்பாத பொந்துகள் ஆகியவை எல்லாம் திறந்த வாசல்கள்தான். பழைய கடைவீதிக் கட்டடங்களின் கருங்கல் அத்திவாரத்துக்குள் ஒரு முழ நீளப் பொந்துகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: மருந்துக்கு முன் மண்ணை அகற்றுங்கள். பின்பக்க இடைவெளியைத் துப்புரவாக்கி, சீமெந்துக் கான் (வடிகால்) இட்டு, சுவரின் அடியில் வெறும் பூச்சு கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பட்டை விடுங்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கு 75 மில்லிமீற்றர் போதும் என்று வைத்திருக்கிறார்கள். நம் மழை தெறிக்கும் சேற்றைப் பார்த்தால் 150 மில்லிமீற்றர் விடுவதே நல்லது என்பது என் கருத்து. இதற்குமேல் கறையான் ஏறவேண்டுமானால் அந்தப் பட்டையில் குழாய் கட்டித்தான் ஏறவேண்டும், நீங்கள் பார்த்துவிடலாம்.

ஒரு கடும் எச்சரிக்கை. பின்மேட்டின் அடியை மருந்துக்காகவோ கானுக்காகவோ ஆழமாக வெட்டாதீர்கள். சரிந்து விழுந்த தளர்மண்ணை அகற்றுவது வேறு, மேட்டின் பாதத்தை வெட்டுவது வேறு. மேட்டில் வெடிப்போ நீர்க்கசிவோ இருந்தால், மண்வெட்டியைத் தொடுவதற்குமுன், மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஹட்டன்_எழுதுபொருள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று பின்னால் போய் அளந்து பார்த்தேன். வெளிமண் உள்தரையைவிட 2 அடி 4 அங்குலம் உயர்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே இருந்துவிட்டேன் என்பதை நினைக்க மனம் கஷ்டப்படுகிறது. குச்சிச் சோதனையும் செய்தேன், ஐயா. துளி வெள்ளையாகத்தான் வந்தது, விரலில் ஒட்டியது.

நானுஓயா_தச்சர் எழுதியது:

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் கடைகளுக்குச் சீலிங்கும் றாக்கையும் அடிப்பது பெரும்பாலும் அல்பீசியா, பைனஸ், கிரண்டிஸ் (யூகலிப்டஸ் வகை) பலகைகளில். அல்பீசியாவும் பைனஸும் கறையானுக்குச் சோறு மாதிரி. தேக்கு, முதிரை, பாலை ஆகியவற்றின் வைரப்பகுதி நன்றாகத் தாங்கும், பலாவும் பரவாயில்லை. ஆனால் வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் தாங்காது. தேக்கு என்று பெயர் சொல்லி வெள்ளை மிகுந்த இளமரத்தை விற்கிறார்கள், அதைப் பார்த்து வாங்கவேண்டும்.

வாங்கும்போதே போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் ஊறவைத்த பலகையாகக் கேட்டு வாங்கினால், உட்புற வேலைக்கு அது நீண்ட காலம் இருக்கும். வெளியே மழை படும் இடத்துக்கு அது உதவாது, கரைந்துபோய்விடும். கழிவு ஒயில் பூசும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மேல்தோலைத் தாண்டி அது உள்ளே போவதில்லை, கடையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்கவேண்டும்.

சுத்தியல் பிடியால் தட்டிப் பார்ப்பதுதான் எங்கள் பழைய முறை. நல்ல மரம் கணீர் என்னும், தின்ற மரம் பொத்பொத்தென்று ஒலிக்கும். சில வேளைகளில் தட்டியதும் உள்ளிருந்து மணல் கொட்டுவதுபோல் ஒரு சிறு சலசலப்புக் கேட்கும். காவல் பூச்சிகள் தலையை மரத்தில் அடித்து மற்றவற்றுக்கு எச்சரிக்கை கொடுக்கும் ஓசை அது. மேல்மாடிச் சீலிங்கைக் கழற்றும்போது, கைமரமும் தீராந்தியும் சுவருக்குள் புதையும் முனைகளைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள். வெளியே பளபளவென்று பெயின்ற் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் படிக்கும் இடமென்று சொல்லியிருக்கிறீர்கள், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கண்டி_பீடைக்கட்டுப்பாடு எழுதியது:

நான் 17 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் தெளித்துவிட்டுப் போகும் பழக்கம் இருப்பது உண்மை, அதற்காக வருந்துகிறேன். வாடிக்கையாளர் என்ன கேட்கவேண்டும் என்று அறிந்திருந்தால் அது குறையும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பழைய காலத்தில் அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவற்றை அத்திவாரத்தில் ஊற்றினார்கள். பல பத்தாண்டுகள் மண்ணில் நின்றன; அப்படி நின்றதுதான் அவற்றின் கேடும்கூட, ஏனெனில் அவை தண்ணீர் வழியும் உணவு வழியும் உடலின் கொழுப்பில் போய்த் தங்கின. நெடுங்காலம் அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் 2001 இன் ஸ்டொக்ஹோம் சாசனம் முதன்முதலில் பட்டியலிட்ட 12 நஞ்சுகளில் இந்த நான்கும் அடங்கும். "அந்தக் காலத்து மருந்து இருக்கிறது, ஒருமுறை அடித்தால் ஆயுளுக்கும் போதும்" என்று யாராவது இரகசியமாகச் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போதைய மருந்துகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. பைபென்த்ரின் போன்றவை கறையானை விரட்டும். சுற்றிலும் இடைவெளியின்றி இட்டால் நல்ல அரண், ஆனால் ஓரிடம் விட்டுப்போனால் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து நுழையும். பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவற்றை அது உணர்வதே இல்லை. அந்த மண்ணில் நடந்துபோய், ஒன்றையொன்று நக்கித் துப்புரவாக்கும்போதும் உணவூட்டும்போதும் நஞ்சைக் கூட்டத்துக்குள் பரப்பும். கருங்கல் அத்திவாரமுள்ள பழைய கட்டடத்தில் இடைவெளியே இல்லாமல் மருந்திடுவது ஏறத்தாழ முடியாத காரியம் என்பதால், அங்கே நான் இரண்டாவது வகையையே விரும்புகிறேன்.

மூன்றாவது வழி இரைப்பெட்டி. கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ 3 மீற்றருக்கு ஒன்றாகப் புதைத்து, அதற்குள் மரத்துண்டோ தாளோ வைத்துக் காத்திருப்போம். கறையான் வந்ததும் ஹெக்சாபுளூமுரோன் போன்ற மருந்து கலந்த இரையை வைப்போம். அது உடனே கொல்லாது. தோலுரிக்கும் காலத்தில் புதிய தோல் உருவாகாதபடி தடுக்கும். அதற்குள் இரை கூடு முழுவதும் பகிரப்பட்டிருக்கும். பல கிழமைகள், சில வேளைகளில் மாதங்கள் பிடிக்கும், செலவும் கூடும். கொப்டோடெர்மெஸ் இதற்கு நன்றாக மயங்கும். தேயிலை மலையில் புற்றெடுத்துப் பூஞ்சை வளர்க்கும் ஒடொன்டோடெர்மெஸ் வகை அவ்வளவாக வருவதில்லை. ஐயா அவர்கள் இனத்தைக் கண்டறியச் சொன்னதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

ஹட்டன் நண்பரே, உங்கள் சீலிங் எனக்கு வேறொரு சந்தேகத்தைத் தருகிறது. கொப்டோடெர்மெஸுக்கு மேலேயே ஈரம் கிடைத்தால், சுவர்ப் பொந்திலோ கூரையிலோ மென்ற மரமும் எச்சிலும் மலமும் சேர்த்து அட்டைபோன்ற ஒரு கிளைக்கூடு கட்டிக்கொள்ளும். அதன்பிறகு நிலத்துக்குத் திரும்பவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கீழே முறையாக மருந்திட்டாலும் மேலே தின்றுகொண்டிருக்கும். உங்கள் கூரை எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் நீங்கள் கேட்கவேண்டியவை: மருந்தின் பெயர், பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்தின் பதிவு இலக்கம், கலக்கும் அளவு, மொத்தம் எத்தனை லீற்றர், எத்தனை துளைகள், எந்தெந்த இடங்களில். போத்தலின் விபரச்சீட்டைத் தமிழில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவில்லாத மருந்தை விற்கவே முடியாது. துளைகளின் இடத்தை வரைபடமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வருபவருக்கு அது மிகவும் உதவும்.

பேக்கரித் தம்பிக்கு ஒரு வார்த்தை. உணவு செய்யும் இடத்துக்குள் தெளிப்பு வேலையே வேண்டாம். இரைப்பெட்டியும் வெளிப்புறத் துளையும் போதும். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, இரும்புக் கால் வைத்த தட்டில் அடுக்குங்கள். அடுப்பின் வெப்பம் உங்கள் சுவரைக் குளிர்காலத்திலும் இதமாக வைத்திருக்கிறது, அதனால் உங்களுக்கு ஆண்டு முழுவதும் கவனம் வேண்டும்.

பீலிக்கரை எழுதியது:

அண்ணாமாரே, நான் நகரத்துக்குக் கீழேயுள்ள தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) வசிக்கிறேன். உங்களுடைய உரையாடலை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். எல்லாம் பயனுள்ளவை. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: கடைக்குப் பின்னாலுள்ள கான் எங்கே போய் விழுகிறது?

எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கிழமைக்கு இரண்டு நாள்தான் வரும். மற்ற நாட்களில் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், சமைக்கிறோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் மேலே ஒரு பெரிய கட்டடத்துக்குக் கறையான் மருந்திட்ட மறுநாள் இரவு கடும் மழை பெய்தது. காலையில் பீலிக்குப் போனபோது தண்ணீரில் மண்ணெண்ணெய்போல ஒரு வாடை இருந்தது. நுளம்புப் புழுவைத் தின்பதற்காகத் தொட்டியில் விட்டிருந்த கப்பி மீன்கள் அத்தனையும் வயிறு மேலே தெரிய மிதந்தன. அந்த மீன்களை என் மகள்தான் கையால் அள்ளி வெளியே போட்டாள். இரண்டு கிழமை நாங்கள் வேறு பீலிக்கு, முக்கால் மைல் ஏறி இறங்கித் தண்ணீர் சுமந்தோம். எங்களிடம் ஒருவரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் கடைகளைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கணவரும் நகரத்துக் கடையொன்றில்தான் வேலை செய்கிறார். மருந்திடும் நாளை எங்களுக்கும் அறிவியுங்கள், தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று நடந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கண்டி_பீடைக்கட்டுப்பாடு எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுதியது நடந்திருக்கக்கூடியது. பைபென்த்ரினும் அதன் வகையைச் சேர்ந்தவையும் மீனுக்குக் கொடிய நஞ்சு. மிகச் சிறிய அளவே போதும். பிப்ரோனிலும் நீர்வாழ் உயிர்களைப் பாதிக்கும். இமிடாகுளோபிரிட் தண்ணீரில் எளிதில் கரைந்து மண்ணுக்குள் கீழே நகரும், தேனீக்களுக்கும் தீங்கானது. சரிவில் ஊற்றுக்கு மேலே நின்று மருந்து ஊற்றுவது சமதரையில் ஊற்றுவதைப் போன்றதல்ல. நான் முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்கவேண்டும்.

என் நடைமுறை இது: கீழே பீலியோ கிணறோ இருந்தால் வெளிப்புற மண்ணில் திரவ மருந்தே இடமாட்டேன், அங்கே இரைப்பெட்டி மட்டும்தான். உட்தரைத் துளைகளில் அளந்து செலுத்தி, அன்றே சீமெந்தால் அடைத்துவிடுவேன். மழை எதிர்பார்க்கும் நாளில் வேலை வைக்கமாட்டேன். கருவிகளைக் கானில் கழுவ யாரையும் விடமாட்டேன், கழுவிய நீர் அடுத்த கலவைக்கே போகும். ஹட்டன் பக்கத்துக்கு சனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த நாட்கள் நல்லவை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒத்திவைத்துவிடுங்கள்.

பதுளை_கட்டடப்பொறியியல் எழுதியது:

சகோதரியின் கேள்வி என் ஆலோசனையையும் திருத்துகிறது. நான் சொன்ன சீமெந்துக் கான், மழைநீரைச் சுவரிலிருந்து அகற்றுவதோடு, சிந்தியதை எல்லாம் நேரே கீழே கொண்டுபோகும் வாய்க்காலாகவும் ஆகிவிடும். எனவே கானை அமைப்பது முதல் வேலையாகவும், மருந்து இடுவது அது காய்ந்து கிடக்கும் நாளில் கடைசி வேலையாகவும் இருக்கட்டும். வேலை நடக்கும் நாளில் கானின் வாயை மண்மூட்டையால் அடைத்து வையுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் இதைப் படித்தால் ஒரு செய்தி. தளம் இடுவதற்குமுன் குழாய்கள் ஏறும் இடங்களிலும் விளிம்புகளிலும் துருப்பிடிக்காத உருக்கு நுண்வலை வைத்துக் கட்டும் முறை ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. முதற்செலவு கூடினாலும் அதிலிருந்து தண்ணீருக்குள் எதுவும் போவதில்லை. ஊற்றுக்கு மேலே கட்டப்படும் எந்தக் கட்டடத்துக்கும் நான் இப்போது இதையே முதலில் சொல்கிறேன்.

நகரத்து_வாடகைக்கடை எழுதியது:

ஒரு நடைமுறைச் சிக்கலைக் கேட்கிறேன். எங்கள் வரிசையில் எட்டுக் கடைகள், இடைச்சுவர்கள் எல்லாம் பொது. நான் வாடகைக்காரன். என் கடைக்கு மட்டும் மருந்திட்டால் பக்கத்துக் கடை வழியாக வராதா? அதோடு, செலவு உரிமையாளருடையதா, என்னுடையதா?

கண்டி_பீடைக்கட்டுப்பாடு எழுதியது:

வரும். ஒரே அத்திவாரத்தில் நிற்கும் வரிசையில் ஒரு கடைக்கு மட்டும் விரட்டும் வகை மருந்தை இட்டு, கூட்டம் அடுத்த கடைக்கு நகர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் ஒருவருக்கு விழும் செலவும் குறையும். யார் செலுத்துவது என்பது உங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சுவர், தரை, கூரை ஆகியவற்றின் வேலை உரிமையாளருடையது, சரக்கும் றாக்கையும் வாடகைக்காரருடையவை என்று புதுப்பிக்கும்போது எழுதிக்கொள்வதை நான் நியாயமாகக் கருதுகிறேன். காப்புறுதியை நம்பியிருக்காதீர்கள். மெல்ல மெல்ல ஏற்படும் சேதத்தைப் பொதுவாக அவர்கள் ஏற்பதில்லை.

ஹட்டன்_எழுதுபொருள் எழுதியது:

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், மழை முடியும்வரை காத்திருந்தேன்.

முதலில் சீலிங்கைக் கழற்றினோம். கண்டி நண்பர் சொன்னது அப்படியே இருந்தது. கூரைநீர்க் குழாய் சுவரைத் தொடும் மூலையில் தகரம் துருப்பிடித்து நெடுநாளாக ஒழுகியிருக்கிறது. அதற்குக் கீழே தீராந்தியின் முனையைச் சுற்றி, ஒரு பூசணிக்காய் அளவில் பழுப்பு நிற அட்டைக்கூடு. கையால் பிரித்தபோது உலர்ந்த சாணிபோல் அடுக்கடுக்காகக் கழன்றது, உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது. தீராந்தியின் முனையில் ஆணியை வைத்ததும் விரலோடு உள்ளே போய்விட்டது. அதற்கு நேர் கீழே தனியார் வகுப்பின் முதல் வாங்கு. அன்றே வகுப்பை இரண்டு கிழமைக்கு நிறுத்தி, முனைக்கு இரும்புத் தாங்கி வைத்துவிட்டுத்தான் தூங்கினேன்.

பின்பக்க மேட்டைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். தளர்மண்ணை மட்டும் கையால் அகற்றச் சொன்னார்கள். ஆட்கள் ஆறு நாட்கள் சுமந்தார்கள். நான்காம் நாள் சுவரை ஒட்டி, அத்திவாரம் போட்ட காலத்தில் கழற்றாமல் விட்ட சட்டரிங் பலகைகள் ஒன்பது கிடைத்தன. என் தகப்பனார் காலத்து வேலை. பலகை என்று சொல்ல வடிவம் மட்டும்தான் இருந்தது. அதிலிருந்து சுவர் வெடிப்புக்குப் போன மண்வழி, நான் கொப்பிக் கட்டை வைத்திருந்த அதே இடத்தில் உள்ளே திறந்தது. இத்தனை ஆண்டுகள் நாங்களே மண்ணுக்குள் உணவு வைத்துக் கதவையும் திறந்து வைத்திருக்கிறோம்.

கானை அமைத்தபின், அதில் ஒரு வாளி சாயத்தண்ணீர் ஊற்றி, அது போகும் வழியே நானும் தையற்கடைத் தம்பியும் நடந்தோம். வீதிக்கு அடியால் போய், இரண்டு வளைவு தாண்டி, ஒரு பீலித் தொட்டிக்கு ஏழெட்டு அடி மேலே ஓடையில் விழுகிறது. ஆகவே வெளியே திரவ மருந்து இடவில்லை. பின்பக்கமும் பக்கவாட்டிலும் இரைப்பெட்டிகள் எட்டு. உள்ளே 118 துளைகள், 118 லீற்றர், வரைபடம் என் லாச்சியில் இருக்கிறது. பெப்ரவரி முதல் கிழமையில் வேலை நடந்தது. அதற்கு முதல்நாள் மாலை லயத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே ஒரு பெண்மணி, தண்ணீரைச் சேமித்துக்கொள்ள இரண்டு நாள் முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். அடுத்த முறை அப்படியே செய்வேன்.

ஜூனில் பின்பக்கப் பெட்டிகள் இரண்டில் நடமாட்டம் இருந்தது. ஆகஸ்ட்டில் அவை வெறுமையாகிவிட்டன. ஒக்டோபர் மழைக்குப் பின் வீதி விளக்கைச் சுற்றி ஈசல் கிளம்பியபோது கடைக்குள்ளிருந்து ஒன்றுகூட வரவில்லை. அன்றிரவு ஒன்பது மணிவரை டோர்ச்சோடு களஞ்சியத்தில் இருந்து பார்த்தேன். வாடகைக்கடை நண்பர் தம் வரிசையிலிருந்து ஐந்து பேரைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். மீதி இருவருக்குக் காட்டுவதற்காக அந்தப் பலகைகளில் ஒன்றைக் கேட்டார், கொடுத்திருக்கிறேன்.